பிழையான விடையின் தர்க்கம்: குழந்தைச் சிந்தனை பற்றிய உளவியற் கோட்பாடுகள் மீது ஒரு விமர்சன நோக்கு

குழந்தையின் சிந்தனை எவ்வாறு விருத்தியடைகின்றது என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் உளவியல் அளித்த விடைகள் நமது கல்வியியல் நூல்களிற் பெரும்பாலும் அட்டவணைகளாகவே வந்து சேர்ந்துள்ளன. பியாஜே என்றால் நான்கு பருவங்கள். வைகொட்ஸ்கி என்றால் ஒரு வலயம். ஸ்கின்னர் என்றால் கூட்டிலடைத்த புறாவும் அதற்கு இடும் தானியமும். ஆசிரிய மாணவர் இவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு வகுப்பறைக்குச் செல்கின்றார். அறிவு மனனத்தால் வருவதன்று என்று வாதிட்ட கோட்பாடே மனனத்தாற் கற்கப்படுகின்றது. இம்முரணை நகைப்புக்குரியதெனக் கொண்டு நாம் அப்பாற் சென்றுவிட முடியாது. ஒரு கோட்பாடு அட்டவணையாகச் சுருங்கும்போது அதிலிருந்து முதலில் உதிர்ந்துபோவது அக்கோட்பாடு எந்த வினாவுக்கு விடையாக எழுந்ததோ அந்த வினாவேயாகும்.

எனவே இக்கட்டுரையிற் கோட்பாடுகள் அனைத்தையும் வரிசைப்படுத்திக் கூறுவது எமது நோக்கமன்று. ஒரேயொரு வினாவைத் தொடர்ந்து செல்லவே முனைகின்றோம். வளர்ந்தவர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பிள்ளை பிழையாக விடையளிக்கும்போது அங்கே அளக்கப்படுவது யாது? பிள்ளையின் சிந்தனைத் திறனா, அன்றிக் கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் இடையிலுள்ள உறவா? இவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை 'கற்கக்கூடியது', எந்தப் பிள்ளை 'கற்கமுடியாதது' என்னும் தீர்ப்புகள் அமைகின்றன.

இவ்வினாவின் வரலாறு ஒருவகையிற் பாரிஸ் நகரிலேயே தொடங்குகின்றது. அல்பிரட் பினேயும் தியொடோர் சைமனும் 1905இல் உருவாக்கிய அளவுகோல், சாதாரண வகுப்பிற் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்கு வேண்டிய உதவியை வழங்குவதற்கென எழுந்தது. நுண்மதி என்பது பிறப்பில் வரையறுக்கப்பட்டு மாறாது நிற்கும் ஓர் அளவு என்னும் கருத்தைப் பினே 1909இல் வெளிப்படையாகவே மறுத்திருந்தார். அவர் 1911இல் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே ஜெர்மனியில் வில்லியம் ஸ்ரேர்ண் நுண்மதி ஈவு என்னும் எண்ணை முன்மொழிந்தார். அதன் பின்னர் அளவுகோல் உதவி தேடும் கருவி என்ற நிலையிலிருந்து விலகித் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. இங்கிலாந்திற் சிறில் பேர்ட் இதனை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தார். நுண்மதி பெரும்பாலும் மரபுவழிப்பட்டது என்பதை நிறுவுவதற்காக இரட்டையர்கள் பற்றி அவர் வெளியிட்ட தரவுகள் நம்பத்தகாதவை என்பது 1970களில் லியோன் காமின் முதலானோரால் எடுத்துக்காட்டப்பட்டது. அதற்குள் அக்கருத்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பதினொரு வயதிலேயே பிரித்து அனுப்பி முடித்திருந்தது.

இந்தப் பேர்ட் ஆக்கிய தருக்கப் பரீட்சைகளைப் பாரிஸ் பிள்ளைகளிடம் நியமப்படுத்தும் பணிதான் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த இளம் உயிரியலாளர் ஜோன் பியாஜேயிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலை எளிது, சரியான விடைகளை எண்ணினாற் போதும். ஆனாற் பியாஜேயின் கண் பிழையான விடைகளிற் பதிந்தது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வகையிற் பிழைவிடுவதையும், அப்பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதையும் அவர் கண்டார். வினாத்தாளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிள்ளையிடம் 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று கேட்கத் தொடங்கினார். உளவியலின் வரலாற்றில் இதைவிடப் பயன்மிக்க கடமை மீறல் பிறிதொன்று உண்டா என்பது ஐயத்துக்குரியது. 1921இல் ஜெனீவாவின் ரூசோ நிறுவனத்துக்குச் சென்றபின் அவர் இம்முறையையே தமது ஆய்வின் அடித்தளமாக்கினார்.

அக்காலத்தில் அற்லாந்திக்கின் மறுகரையில் வாட்சனும் அவரைத் தொடர்ந்தோரும் சிந்தனை என்னும் சொல்லையே உளவியலிலிருந்து வெளியேற்ற முயன்றுகொண்டிருந்தனர். தூண்டல், துலங்கல், பழக்கம் ஆகிய மூன்றினால் மனிதரை விளக்கிவிடலாம் என்பது அவர்களது நம்பிக்கை. பிற்காலத்தில் ஸ்கின்னர் மொழியையும் இச்சட்டகத்துள் அடக்க முயன்றார். அம்முயற்சிக்கு 1959இல் சொம்ஸ்கி எழுதிய மதிப்புரை பலரும் அறிந்ததே. நடத்தைவாதத்தைப் பற்றி இங்கு விரிக்கவேண்டிய தேவையில்லை. அதன் நோக்கிற் பிழையான விடை என்பது இன்னும் திருத்தப்படாத ஒரு பழக்கம் மாத்திரமே. பியாஜேயின் நோக்கில் அது ஒரு கோட்பாடு. பிள்ளை உலகத்தைப் பற்றித் தனக்குள் அமைத்துக்கொண்ட கோட்பாடு. புதிய அனுபவத்தைத் தன்னிடமுள்ள திரளமைப்புக்குள் உள்வாங்கியும், அது பொருந்தாதபோது திரளமைப்பையே மாற்றியும் பிள்ளை தன் அறிவைத் தானே கட்டுகின்றது என்னும் இக்கருத்து, பிள்ளையை வெற்றுப் பாத்திரமாகக் கொண்ட கல்விமுறைக்கு எதிரான பெரும் ஆயுதமாக விளங்கியது. இந்த அளவில் பியாஜேயின் பங்களிப்பை எவ்வளவு வியந்தாலும் தகும்.

எனினும் இவ்வாயுதம் விரைவிலேயே வேலியாக மாறியது.

பியாஜேயின் புகழ்பெற்ற பரிசோதனைகளுள் ஒன்றை நினைவுகூர்வோம். ஒரே அளவான இரண்டு குவளைகளில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப்படுகின்றது. இரண்டிலும் ஒரே அளவுதான் என்று பிள்ளை ஒப்புக்கொள்கின்றது. பின்னர் ஒன்றிலுள்ள நீர் பிள்ளையின் கண்முன்னே ஒடுக்கமான உயர்ந்த குவளையொன்றுக்கு மாற்றப்படுகின்றது. இப்போது எதிற் கூட இருக்கிறது என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயர்ந்த குவளையைக் காட்டும். ஏழு அல்லது எட்டு வயதுப் பிள்ளை இரண்டும் சமம் என்று கூறும். தோற்றம் மாறினும் அளவு மாறாது என்னும் இவ்வறிவு இன்மையே முன்செயற்பாட்டுப் பருவத்தின் அடையாளம் எனப் பியாஜே கொண்டார். நாணயங்களையும் மாவுருண்டைகளையும் கொண்டு செய்த பரிசோதனைகளும் இதனையே காட்டின.

தம்மளவில் இவை அழகான அவதானிப்புகள். ஆயின் அவை கல்விக் கொள்கையினுள் நுழைந்தபோது பருவங்களுக்குரிய வயதெல்லைகள் பிள்ளையின் தலைக்கு மேலே கூரைகளாயின. 1967இல் இங்கிலாந்தில் வெளியான புளோடன் அறிக்கை பியாஜேயின் கருத்துகளை ஆதாரமாகக் கொண்டு பிள்ளைமையக் கல்வியை ஆதரித்தது. அதன் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் 'ஆயத்தநிலை' என்னும் சொல்லுக்கு அது அளித்த செல்வாக்கு இரட்டை முனைகொண்டது. பிள்ளை ஆயத்தமாகும்வரை காத்திருப்போம் என்பது பொறுமையின் குரலாகவும் ஒலிக்கலாம். பிள்ளைக்கு ஒன்றும் கற்பிக்காதிருப்பதற்கான அனுமதியாகவும் ஒலிக்கலாம். வீட்டில் நூல்களும் உரையாடலும் நிறைந்த பிள்ளை காத்திருக்கும் காலத்திலும் கற்கும். பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு வாயிலற்ற பிள்ளைக்குக் காத்திருத்தல் என்பது இழத்தலே. பருவங்களை விரைவுபடுத்தலாமா என்று கேட்டவர்களைப் பியாஜே அமெரிக்கக் கேள்வி கேட்பவர்கள் என எள்ளினார் என்பது பிரசித்தம். அவசரக்காரரை எள்ளுதல் நியாயமானதே. ஆனால் தாமதத்தால் யார் பாதிக்கப்படுகின்றனர் என்னும் வினா அவ்வெள்ளலுள் மறைந்துவிடுகின்றது.

இக்கூரை உண்மையிற் பிள்ளையின் தலைக்கு மேலே இருந்ததா என்பதை எடின்பரோவில் மாகிரற் டொனால்ட்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1970களிற் சோதித்தனர். அவர்கள் செய்தது மிக எளிய ஒன்று: பரிசோதனையைப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தனர். பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட மூன்று மலைகள் பரிசோதனையில், மேசைமீது வைக்கப்பட்ட மலைகளின் மாதிரியை மறுபக்கத்திலிருக்கும் பொம்மை எவ்வாறு காணும் என்று பிள்ளையிடம் கேட்கப்பட்டது. இளம் பிள்ளைகள் தாம் காணும் காட்சியையே பொம்மையும் காண்பதாகக் கூறினர். ஆகவே அவர்கள் தன்மையநோக்குடையோர் என முடிவு செய்யப்பட்டது. மாட்டின் ஹியூஸ் மலைகளை நீக்கிவிட்டுச் சிலுவைபோல் அமைந்த இரு சுவர்களை வைத்தார். பொம்மைப் பொலிஸ்காரர்கள் இருவரை நிறுத்தி, அவர்களது கண்ணிற் படாதவாறு பொம்மைப் பையனை ஒளித்துவைக்குமாறு கேட்டார். மூன்றரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட முப்பது பிள்ளைகளின் விடைகளில் ஏறத்தாழ 90 வீதம் சரியாயிருந்தன. மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டிய தேவை அப்பிள்ளைகளின் வாழ்வில் எழவில்லை. ஒளித்து விளையாடாத பிள்ளை உலகில் இல்லை.

இதைவிடக் கூர்மையானது ஜேம்ஸ் மக்காரிகல் நடத்திய ஒரு பரிசோதனை. நான்கு பொம்மைப் பசுக்கள். மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. யாவும் பக்கவாட்டிற் கிடத்தப்பட்டு 'உறங்குகின்றன'. கறுப்புப் பசுக்கள் கூடவா, பசுக்கள் கூடவா என்று ஆறு வயதளவான பிள்ளைகளிடம் கேட்டபோது 25 வீதத்தினரே சரியாகக் கூறினர். கறுப்புப் பசுக்கள் கூடவா, உறங்கும் பசுக்கள் கூடவா என்று கேட்டபோது அது 48 வீதமாயிற்று. தருக்க அமைப்பில் இரு வினாக்களும் ஒன்றே. வகுப்புக்கும் உள்வகுப்புக்கும் இடையிலான தொடர்பையே இரண்டும் கேட்கின்றன. மாறியது ஒரு சொல். முதலாவது வினாவைத் தமிழிற் கேட்டாலும் வளர்ந்த எவரும் ஒருகணம் தயங்குவர், 'மற்றப் பசுக்களா?' என்று திருப்பிக் கேட்கவே தோன்றும். அவ்வாறு திருப்பிக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை. எனவே அது கேட்கப்பட்டிருக்க வேண்டிய நியாயமான வினாவுக்கு விடையளிக்கின்றது; ஆய்வாளர் அதனைப் பிழையெனக் குறித்துக்கொள்கின்றார்.

இவ்விடத்தில் எமது சொந்த மொழியைப் பற்றிய ஒரு குறிப்பு பொருந்தும். கிணற்றில் தண்ணீர் கூடிவிட்டது என்று நாம் கூறும்போது நீர்மட்டம் உயர்ந்துவிட்டது என்பதையே கருதுகின்றோம். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால், விடையை அடிக் கணக்கிற் கூறுகின்றோம். வளர்ந்தோரின் அன்றாட வழக்கில் நீரின் அளவுக்கு மட்டமே அடையாளம். ஒரே கிணற்றையோ குளத்தையோ பற்றிப் பேசுவதால் இவ்வழக்கு எம்மை ஏமாற்றுவதில்லை. இம்மொழியைக் கேட்டு வளரும் பிள்ளை உயர்ந்த குவளையைச் சுட்டுமாயின் அது தருக்கமின்மையாற் செய்கின்றதா, அன்றி நாம் பழக்கிய வழக்கைப் புதிய குவளைக்கும் நீட்டுகின்றதா என்பதை அந்த ஒற்றை விடையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. மேலும், சற்றுமுன் கேட்ட அதே கேள்வியைப் பெரியவர் நீரை மாற்றி ஊற்றியபின் மீண்டும் கேட்கின்றார். ஒருவர் ஒன்றைச் செய்துவிட்டு அதைப் பற்றிக் கேட்டால், அச்செயலால் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று ஊகிப்பது உரையாடலின் இயல்பு. மக்காரிகலும் டொனால்ட்சனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையைக் கலைத்தது குறும்புக்காரக் கரடிப் பொம்மை என்றவாறு பரிசோதனையை அமைத்தபோது சரியான விடைகள் பெருமளவிற் கூடின. பெரியவரின் நோக்கத்தை ஊகிக்கவேண்டிய சுமை அங்கு பிள்ளைக்கு இருக்கவில்லை.

ஆக, பிழையான விடையினுள் சிந்தனை மாத்திரமன்றிச் சமூக உறவும் உறைந்துள்ளது. இதனை எடின்பரோவுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே கோட்பாட்டு நிலையிற் கண்டவர் லெவ் வைகொட்ஸ்கி. பியாஜே பிறந்த 1896ஆம் ஆண்டிலேயே பிறந்த அவர், காசநோயினால் 1934இல் தமது முப்பத்தேழாவது வயதில் மறைந்தார். இருவருக்குமிடையிலான விவாதம் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தமக்குத் தாமே பேசிக்கொள்ளும் பேச்சைப் பற்றியது. 1923இல் வெளியான தமது முதல் நூலிற் பியாஜே இதனைத் தன்மையப் பேச்சு என அழைத்தார். பிறருக்காகப் பேச இன்னும் கற்றுக்கொள்ளாத பிள்ளையின் முதிர்ச்சியின்மைக்கு அது அறிகுறி. சமூகமயமாகும்போது அது தானே மறைந்துவிடும் என்பது அவரது கருத்து.

வைகொட்ஸ்கி ஒரு சிறு இடையூறு செய்து பார்த்தார். படம் வரையும் பிள்ளைக்கு வேண்டிய நிறப் பென்சில் கிடைக்காதவாறு செய்தார். கடதாசியை இல்லாமற் செய்தார். அவ்வேளைகளில் இப்பேச்சு ஏறத்தாழ இருமடங்காயிற்று. திறாம் வண்டியொன்றை வரைந்துகொண்டிருந்த ஐந்தரை வயதுப் பிள்ளை ஒன்றின் பென்சில் முனை, சக்கரத்தை வரையும்போது முறிந்தது. 'உடைந்துபோயிற்று' என்று அது தனக்குள் முணுமுணுத்தது. பின்னர் நீர்வர்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த வண்டியாகவே படத்தை மாற்றி வரைந்தது. பென்சிலைக் குறித்து எழுந்த சொல் படத்தின் திட்டமாயிற்று. பேச்சு இங்கே செயலுக்குப் பின்னால் வரும் எதிரொலியாக இல்லை, செயலை வழிநடத்துகின்றது. இன்னொரு பரிசோதனையிற் செவிப்புலனற்ற பிள்ளைகளிடையேயோ தன் மொழி அறியாத பிள்ளைகளிடையேயோ பிள்ளையை விட்டபோது இப்பேச்சு வெகுவாகக் குறைந்தது. உண்மையிலேயே அது தனக்கு மாத்திரமான பேச்சாயின் கேட்போர் யாராயிருந்தாலென்ன? பிறரோடு பேசும் பேச்சிலிருந்து கிளைத்து, படிப்படியாக ஒலி குன்றி, ஈற்றில் அகப்பேச்சாகி, சிந்தனையின் கருவியாகின்றது என்பதே வைகொட்ஸ்கியின் முடிபு. பியாஜே தனிமனிதரிலிருந்து சமூகத்துக்குச் செல்லும் பாதையைக் கண்ட இடத்தில் அவர் சமூகத்திலிருந்து தனிமனிதரை நோக்கி வரும் பாதையைக் கண்டார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1962இல், இவ்விமர்சனத்துக்கு எழுதிய குறிப்பிற் பியாஜே அகப்பேச்சின் தோற்றம் பற்றிய கருத்தைப் பெரிதும் ஏற்றுக்கொண்டார். தமது எதிராளி உயிரோடிருந்தபோது அவ்விமர்சனத்தை அறியாது போனமைக்கு வருந்தவும் செய்தார். கோட்பாட்டுப் போர்களில் இத்தகைய நேர்மை அரிது.

வைகொட்ஸ்கியின் எழுத்துகளுக்கு நேர்ந்த கதி முற்போக்கு வாசகர்கள் மறக்கக்கூடாத ஒன்று. 1936 ஜூலையிற் சோவியத்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு குழந்தையியல் என்னும் துறையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் விளைவாக அவரது நூல்கள் இரு தசாப்தங்களுக்கு வழக்கிலிருந்து நீங்கின. 1962இல் ஆங்கிலத்தில் வந்த மொழிபெயர்ப்போ பெரிதும் சுருக்கப்பட்டது; அதிற் கோட்பாட்டு விவாதங்கள் பல கத்தரிக்கப்பட்டிருந்தன. அவரது சொந்த நாட்டில் அவரை மறைத்தனர். மேற்கில் அவரை மெலிவித்தனர். இன்று நமது நூல்கள் அவரது பெயரோடு சேர்த்து எழுதும் 'சாரக்கட்டு' என்னும் உவமை அவருடையதன்று. வூட், புறூணர், றொஸ் ஆகியோர் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. ஒரு வரலாற்றுச் சமூகக் கோட்பாடு, பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்துக் கொடுக்கும் உத்தியாகச் சுருங்கிய கதைக்கு இவ்வொரு சொல்லே சான்று.

ஆயினும் வைகொட்ஸ்கியின் பக்கத்தினரும் பிழையான விடையின் முன்னே இடறினர் என்பதை மூடிமறைப்பது நேர்மையாகாது. 1931இலும் 1932இலும் அவரது தோழர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குச் சென்றார். எழுத்தறிவற்ற குடியானவர்களது சிந்தனையையும், குறுகியகாலக் கல்வி பெற்றோர், கூட்டுப்பண்ணைகளிற் பணியாற்றுவோர் ஆகியோரது சிந்தனையையும் ஒப்பிடுவது நோக்கம். சுத்தியல், வாள், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கினுள் சேராததை எடுத்துவிடுமாறு கேட்டபோது குடியானவர்கள் மறுத்தனர். மரக்கட்டை இல்லாவிடில் வாள் எதற்கு? பனி மூடிய தூர வடக்கிற் கரடிகள் யாவும் வெள்ளை. நொவாயா செம்லியா தூர வடக்கில் உள்ளது. அங்குள்ள கரடிகளின் நிறம் யாது எனக் கேட்டபோது, தாம் அங்கு சென்றதில்லை என்றும், கண்டவர்களிடம் கேட்குமாறும் விடையளித்தனர். இவற்றை லூரியா கட்புலச் சூழலுக்குள் கட்டுண்ட சிந்தனை என வகைப்படுத்தினார். கல்வியும் புதிய உற்பத்தி உறவுகளும் அதனை அருவச் சிந்தனையாக உயர்த்தும் என விளக்கினார். இவ்வாய்வு அக்காலத்திற் கண்டனத்துக்குள்ளாகி 1974இலேயே நூலாக வெளிவந்தது.

சிந்தனை வரலாற்றுக்கு உட்பட்டது, ஆகையால் மாறக்கூடியது என்பது இவ்வாய்வின் பெருமை. இனத்தின் இயல்பென்று கூறப்பட்டவற்றை அது சமூக நிலைமைகளின் விளைவாக நோக்கியது. ஆனாற் கூட்டுப்பண்ணையாக்கம் வலிந்து நடைபெற்ற அவ்வாண்டுகளில், மொஸ்கோவிலிருந்து வந்த அந்நியரிடம் தாம் காணாததைப் பற்றி உறுதி கூற மறுத்த குடியானவரின் விடையில் வேறு அறிவும் இருந்தது. சாட்சி கூறுவதற்குரிய ஒழுக்கம் அது. பேர்ட்டின் வினாத்தாளில் 'குறைபாடு' என எழுதப்பட்ட இடத்தில் இங்கு 'முந்திய கட்டம்' என எழுதப்பட்டது. ஏணி தலைகீழாக நிறுத்தப்படவில்லை. அதற்குப் புதிய வர்ணம் பூசப்பட்டது.

பின்வந்த ஆய்வுகள் இவ்வேணியை மெல்ல மெல்லத் தளர்த்தின. லைபீரியாவிற் கெபெல்லே மக்களிடையே மைக்கல் கோலின் குழுவினர் பொருள்களை வகைப்படுத்துமாறு கேட்டபோது, அவர்கள் கத்தியைத் தோடம்பழத்தோடு வைத்தனர். அறிவுள்ளவர் அப்படித்தான் வைப்பார் என்றனர். அப்படியானால் மூடன் எவ்வாறு வைப்பான் என்று சலிப்புடன் கேட்டபோது, உணவு ஒருபுறமும் கருவிகள் ஒருபுறமுமாக, உளவியலாளர் எதிர்பார்த்தவாறே அடுக்கிக் காட்டினர். திறன் இருந்தது. அதனை எப்போது பயன்படுத்துவது அறிவுடைமை என்பதிலேயே கருத்து வேற்றுமை. கோலும் சில்வியா ஸ்கிறிப்னரும் 1981இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு வாய் மக்களைப் பற்றியது. அவர்கள் தமது சொந்த எழுத்துமுறையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கற்பவர்கள். எழுத்தறிவு தன்னளவிற் சிந்தனை முழுவதையும் மாற்றிவிடுவதில்லை என்பதும், லூரியா கண்டவை போன்ற விளைவுகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் என்னும் நிறுவனத்தின் குறித்த பேச்சுமுறைகளோடு சேர்ந்தே வருகின்றன என்பதும் அங்கு புலனாயின.

இவையனைத்திலும் எம்மை மிகவும் ஈர்ப்பது பிறேசிலின் ரெசிஃபே நகரில் நடந்த ஆய்வு. தெரேசினா கறாஹெர், டேவிட் கறாஹெர், அனா லூசியா ஷ்லீமன் ஆகியோர் அதனை 1985இல் வெளியிட்டனர். கிராமப்புறத்திலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த வறிய குடும்பங்களின் பிள்ளைகள் சந்தையிலும் தெருவோரத்திலும் தேங்காய், பழம் முதலியன விற்பது வழக்கம். ஒன்பது வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஐவரிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகச் சென்று கணக்குகளைக் கேட்டனர். 63 கணக்குகளில் 98.2 வீதம் சரி. பின்னர் அதே பிள்ளைகளிடம் அதே கணக்குகளைக் கடதாசியும் பென்சிலுமாகக் கேட்டனர். கதைவடிவில் அமைந்த கணக்குகளில் 73.7 வீதமும், வெறும் எண்களாகத் தரப்பட்டவற்றில் 36.8 வீதமுமே சரியாயின.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்றிடம் முப்பத்தைந்து குருசேறோ விலையுள்ள தேங்காய்கள் பத்தின் விலை கேட்கப்பட்டது. மூன்றுக்கு 105 என்பது அதற்கு வியாபாரத்தில் அத்துபடி. இன்னும் மூன்றுக்கு 210. இன்னும் மூன்றுக்கு 315. மேலும் ஒன்றைக் கூட்டி 350. பத்தாற் பெருக்க ஒரு பூச்சியத்தைச் சேர்த்தாற் போதும் என்னும் பள்ளிவிதி அங்கு தலைகாட்டவில்லை. அதற்குப் பதில் எண்களின் உறவு பற்றிய முழுமையான விளக்கம் இருந்தது. நான்கு தேங்காய்களின் விலையை 140 என்று தெருவிற் சரியாகச் சொன்ன பிள்ளை, கடதாசியில் 35ஐ 4ஆற் பெருக்கி 200 என எழுதியது. நாலைந்து இருபது; மிகுதி இரண்டை மூன்றோடு கூட்டி ஐந்து; நாலைந்து மீண்டும் இருபது. பெருக்கியபின் கூட்டவேண்டியதைக் கூட்டியபின் பெருக்கிவிட்டது. ஒரு தேங்காயை 50 குருசேறோவுக்கு வாங்கும் வாடிக்கையாளர் எவரும் இல்லை என்பதைத் தெருவில் நன்கறிந்த அதே பிள்ளைக்குக் கடதாசியில் அந்த 200 ஓர் ஐயத்தையும் எழுப்பவில்லை. பள்ளிக்கூடம் அதனிடமிருந்து பறித்தது யாது என்பதை இவ்வொரு விடை கூறுகின்றது.

இவ்விடத்தில் அவசரமான ஒரு முடிவைத் தவிர்க்கவேண்டியுள்ளது. தெருவே சிறந்த பள்ளிக்கூடம் என்று போற்றுவோர் நம்மிடையேயும் உளர். அப்பிள்ளை தெருவில் நின்றது வறுமையினால். மும்மூன்றாகக் கூட்டும் வழி தேங்காய்க்குப் போதும்; 35ஐ 417ஆற் பெருக்குவதற்குப் போதாது. எழுத்துமுறைக் கணிதத்தின் பொதுமை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் உரிய சொத்து. அதனை அவர்களுக்கு வேண்டாமெனக் கூறுவது வேறொரு வடிவிலான கூரை. வைகொட்ஸ்கியின் வலியுறுத்தலும் இதுவேயாகும்: அன்றாடக் கருத்துகளும் அறிவியற் கருத்துகளும் ஒன்றையொன்று நோக்கி வளர வேண்டும். ரெசிஃபேயின் வகுப்பறையில் அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே தலைக்குள் குடியிருந்தன.

டொனால்ட்சனின் விமர்சனத்துக்கும் எல்லை உண்டு. கேள்வியை எளிதாக்கினால் விடை எளிதாகும் என்பதே அவரது ஆய்வின் சாரம் எனக் குறைகூறியோர் உளர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஏழு வயதளவிற் பிள்ளையின் சிந்தனையில் ஏதோ ஒரு மாற்றம் நிகழ்கின்றது என்பதை எவரும் முற்றாக மறுக்கவில்லை. நான்கு மாதக் குழந்தைகளே மறைந்த பொருளின் இருப்பை உணர்கின்றன எனக் காட்ட முயன்ற றெனே பயர்ஜோனின் 1980களின் ஆய்வுகளும் பியாஜேயின் வயதெல்லைகளை முன்னுக்குத் தள்ளின. ஆனாற் குழந்தை நீண்டநேரம் நோக்குவது அறிவதற்குச் சமமாகுமா என்னும் வாதம் ஓயவில்லை. பியாஜேயும் தம் கோட்பாட்டை உறைந்துபோக விடவில்லை. நியமச் சிந்தனை எல்லா மனிதரிடமும் எல்லாத் துறைகளிலும் ஒரேவகையில் வெளிப்படும் எனக் கருத இயலாது, அது ஒருவரது தொழிலையும் ஈடுபாட்டையும் சார்ந்தமையலாம் என்று 1972இல் அவரே எழுதினார். அட்டவணைகளில் இத்திருத்தம் ஏனோ இடம்பெறுவதில்லை. அவரை மறுத்தவர்கள் அனைவரும் பயன்படுத்தியது பாரிஸில் அவர் கண்டெடுத்த அதே வினாவைத்தான்: ஏன் அப்படி நினைக்கிறாய்? ஆசானின் வினாவை ஆசானின் பரிசோதனைக் கூடத்தின் மீதே திருப்பினர் என்பதுதான் வேறுபாடு.

இலங்கையில் 1943ஆம் ஆண்டின் கன்னங்கரா குழு அறிக்கையைத் தொடர்ந்து 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, வறிய கிராமத்துப் பிள்ளைகளை மத்திய பாடசாலைகளுக்குத் தெரிந்தெடுக்கும் பொருட்டு ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசில் முறை உருவாயிற்று. உதவிக்குரியோரைக் கண்டறியும் அதன் ஆரம்ப நோக்கம் பினேயின் நோக்கத்தை ஒத்தது. பின்னர் அது புகழ்பெற்ற பாடசாலைகளுக்கான வாயிலாகவும், பத்து வயதுப் பிள்ளைகளின் தனியார் வகுப்புகளுக்குக் காரணமாகவும் மாறிய வரலாறும் பினேயின் அளவுகோலுக்கு நேர்ந்ததை ஒத்ததே. நுண்ணறிவு சார்ந்த வினாக்கள் அதில் இடம்பெறுகின்றன. விடைகளுக்குப் புள்ளியிடப்படுகின்றது, பிழைகளைப் பார்த்து எவரும் ஏன் என்று கேட்பதில்லை, இலட்சக்கணக்கானோரின் வினாத்தாளில் அவ்வாறு கேட்பதும் இயலாது.

வைகொட்ஸ்கி தரும் எடுத்துக்காட்டொன்றில் இரு பிள்ளைகள் வருகின்றனர். தனித்திருந்து விடையளிக்கும்போது இருவரது உளவயதும் எட்டு. ஒரு சிறு குறிப்பையோ தொடக்க வரியையோ பெரியவர் கொடுத்தபின், ஒருவர் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்குவரை செல்கின்றார். மற்றவர் ஒன்பதோடு நின்றுவிடுகின்றார். அவ்விருவரையும் மண்டபத்தில் வெவ்வேறு மேசைகளில் அமர்த்தி, பேசக்கூடாதென அறிவித்து, மணித்தியாலக் கணக்கில் எழுதவைத்தால் இருவரும் ஒரே புள்ளியைப் பெறுவர்.